கட்டிங் போடும் நேரத்தில் பார்த்த வியாபாரம்

என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. ஷட்டில் ஆட ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து, வலது முழங்கை வலிக்கிறது என்று அழுதான். தைலம் தேய்த்துத் தூங்க வைத்தேன். மறுநாள் கோச்சிடம் சொன்னபோது, அவர் பேட்டை வாங்கி நரம்பைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இதை எங்க கட்டுனீங்க?" என்று கேட்டார். பெரிய கடை ஒன்றில் 4,200 ரூபாய் கொடுத்து வாங்கிய பேட் அது. "வளர்ற பையன், நல்லதாவே எடுத்துக் கொடுங்க மேடம்" என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். பில்லில் 26 பவுண்டு என்று எழுதியிருந்தது. நரம்பை எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கோச் ஒரு கடைக்கு வழி சொன்னார். மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். பத்தடி அகலம் இருக்கும். ஷட்டில் சாமான் மட்டும்தான் விற்கிறார்கள். கிரிக்கெட், புட்பால் எதுவும் கிடையாது.

நானும் கடைக்காரிதான். திருமங்கலத்தில் அப்பா வைத்திருந்த மோட்டார், பைப் கடையை ஒன்பது வருடமாக நடத்துகிறேன். அதனால் எந்தக் கடைக்குள் போனாலும் அங்கே எப்படி விற்கிறார்கள் என்பதில்தான் என் கண் போகும். அந்தக் கடையில் பார்க்க எனக்கு நிறைய நேரமும் கிடைத்தது. ஒரு பேட்டுக்குக் கட்டிங் போட, அதாவது நரம்பு கட்ட, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு. ஒன்றரை வருடமாக, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நாள் நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும். "வாங்கக்கா, உக்காருங்க" என்று கடைக்கார அண்ணன் என்னிடம் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் என் மகனிடம். பதினொரு வயதுப் பையனை "ங்க" போட்டுத்தான் கேட்டார்.

"எங்க ஆடுறீங்க தம்பி? மேட்டா, சிமெண்ட்டா, மரமா?"

"மரம்."

"வாரத்துக்கு எத்தன நாள்?"

"அஞ்சு."

"கோச் இப்ப என்ன சொல்லித் தர்றாரு?"

"கிளியர்."

"இந்தக் கடைசிக் கோட்டுல இருந்து அடிச்சா அந்தக் கடைசிக் கோட்டுக்குப் போகுதா?"

பையன் கொஞ்சம் தயங்கினான். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "போகல. பாதி தாண்டிக் கொஞ்ச தூரந்தான் போகுது" என்றான். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

அதற்கு அப்புறம்தான் பேட்டைக் கையில் வாங்கினார். நரம்பைத் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தார். கைப்பிடிக்கு மேலே அச்சடித்திருந்த எண்ணைப் படித்தார். பையனைப் பிடிக்கச் சொல்லி, உள்ளங்கையில் எங்கே காய்த்திருக்கிறது என்று பார்த்தார். "பேட் நல்ல பேட்டுதான்க்கா, மாத்த வேணாம். கட்டுதான் ரொம்ப இறுக்கம். நரம்பு இறுக்கமா இருந்தா ஷட்டில் காக்க அது தூக்கிக் கொடுக்காது, நாமதான் கையால தள்ளணும். பெரியவங்க தோள்ல இருந்து வீசுவாங்க. இவரு முழங்கைய வச்சுத் தள்ளுறாரு. 20க்கு இறக்கிப் போடுவோம். ரெண்டு வாரம் ஆடட்டும். அப்பவும் வலிச்சா டாக்டர்ட்ட காட்டிருங்க."

நரம்புக்கும் கூலிக்கும் சேர்த்து 500 ரூபாய். புது பேட் வாங்கும் மனநிலையில்தான் நான் போயிருந்தேன், பையில் பணமும் இருந்தது. அதை அவர் கண்டிப்பாகக் கவனித்திருப்பார். எந்தக் கடைக்காரருக்கும் அது தெரிந்துவிடும்.

வலி ஒரு மாதத்தில் போய்விட்டது. அதில் எவ்வளவு கட்டிங்கால், எவ்வளவு கோச் கையைத் திருத்தியதால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கிரிப் வாங்குவதென்றாலும் நாங்கள் அந்தக் கடைக்குத்தான் போகிறோம்.

கட்டிங் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பழைய நரம்பை வெட்டி எடுத்ததும், பேட்டின் தலையைச் சுற்றியுள்ள ஓட்டைகளில் விரலை ஓட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு ஓட்டையிலும் அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் உண்டு, கிராமெட் என்பார்கள். எங்கள் பேட்டில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. பழைய மிட்டாய் டப்பா ஒன்றிலிருந்து வேறொன்றைத் தேடி எடுத்து மாட்டினார். உடைந்ததைப் பையன் உள்ளங்கையில் வைத்து, "இது உடைஞ்சிருந்தா நரம்பு பிரேம் ஓரத்துல உரசி அறுந்துரும். உங்க தப்பு இல்ல" என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

பிறகு பேட்டை மெஷினில் படுக்க வைத்து ஆறு இடத்தில் தாங்கல் கொடுத்து இறுக்குவார். பத்து மீட்டர் நரம்பு. நடுவிலிருந்து ஆரம்பித்து இடது ஒன்று, வலது ஒன்று என்று மாறி மாறி நெடுக்கு இழை இழுப்பார். ஒரே பக்கமாக இழுத்தால் பிரேம் கோணிக்கொள்ளும். நெடுக்கு முடிந்ததும் குறுக்கு. ஒவ்வொரு இழையையும் மேல், கீழ், மேல், கீழ் என்று பாய் பின்னுகிற மாதிரி விரலாலேயே கோர்க்க வேண்டும். அவர் ஆட்காட்டி விரல் நுனியில் அதற்கென்றே ஒரு கோடு விழுந்திருக்கிறது. மெஷின் இழுத்துக்கொண்டிருக்கும்போது யாருடனும் பேச மாட்டார். முடிச்சுப் போட்டு வெட்டியதும் நரம்பை உள்ளங்கையால் தட்டி, பையன் காதருகே பிடிப்பார். முன்னால் கேட்டதற்கும் இதற்கும் சத்தத்தில் வித்தியாசம் பையனுக்கே தெரிந்தது.

கடைசியாக ஒரு நோட்டை எடுப்பார். நூறு பக்க நோட்டு, சாதாரணமானது. பெயர், பேட், நரம்பின் பருமன், பவுண்டு, தேதி. அதையே ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதிக் கைப்பிடிக்கு மேலே ஒட்டுவார்.

அந்த நோட்டுதான் அந்தக் கடையின் முதலீடு என்று எனக்குப் புரிய மூன்று நான்கு தடவை போக வேண்டியிருந்தது. யார் பேட்டோடு வந்தாலும் முதலில் பக்கத்தைப் புரட்டுவார். "போன தடவ 0.70 போட்டோம், மூணு மாசம் வந்திருக்கு. இதே போதும்" என்பார். அல்லது, "மூணு வாரத்துல அறுந்திருச்சே" என்று அறுந்த இடத்தைப் பார்ப்பார். எங்கே அறுந்திருக்கிறது என்பதில் ஆடுபவரின் ஆட்டமே தெரியுமாம். காக் பேட்டின் நடுவில் படும்படி அடிப்பவருக்கு நரம்பு நடுவில் தேய்ந்து அறும். தலைப்பக்கம் பிரேமை ஒட்டி அறுந்திருந்தால் காக் ஓரத்தில் படுகிறது, நேரத்துக்குப் போய் எடுக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்கு மெல்லிய நரம்பைப் போட்டால் சீக்கிரம் அறுந்துகொண்டே இருக்கும். கடைக்காரருக்கு அதில் லாபம்தான். ஆனால் இவர் பருமனானதைத்தான் போடுவார். யோனெக்ஸ் பிஜி 65 என்று ஒரு நரம்பு, 0.70 மில்லிமீட்டர், விலையும் குறைவு, உழைக்கும். கற்றுக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு அதுதான். 0.65, 0.66 பருமனில் இருக்கும் விலை கூடியவற்றைக் கேட்டு வாங்கும் பையன்களிடம், "அறுந்த இடம் நடுவுக்கு வரட்டும், அப்ப நானே போட்டுத் தர்றேன்" என்பார்.

என் மகனுக்கு முதல் இரண்டு தடவையும் தலைப்பக்கம்தான் அறுந்தது. அதை அவர் கண்டித்துச் சொல்லவில்லை. காட்டிவிட்டு, "கோச்சிட்ட இத அப்படியே காட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

நரம்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்தக் கடையில்தான் கற்றோம். ஒரு இழை அறுந்ததும் மற்றவையும் பிரேமை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். அப்படியே பையில் போட்டு ஒரு வாரம் வைத்தால் பிரேம் கோணலாகிவிடலாம். உடனே கத்தரியை எடுத்து நடுவிலிருந்து ஆரம்பித்து நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று என்று வெளிப்பக்கமாக எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டை வைக்கக் கூடாது, நரம்பு தளர்ந்துபோகும். இறகுக் காக் டப்பாவை ஆடுவதற்கு முதல் நாள் கொஞ்ச நேரம் ஆவியில் காட்டி மூடி வைத்தால் இறகு சீக்கிரம் ஒடியாது. இதையெல்லாம் கேட்காதவர்களுக்கும் சொல்வார். பேட் கோணாமல் இருந்தால், காக் கூடுதல் நாள் வந்தால் அவருக்கு விற்பனை குறையத்தானே செய்யும் என்று ஒரு நாள் கேட்டேன். "பேட் கோணிப்போச்சுன்னா நிறைய பேரு புது பேட் வாங்குறதில்லக்கா. ஆடுறதயே விட்டுர்றாங்க" என்றார். வியாபாரத்தில் இவ்வளவு வருடம் இருந்தும் நான் அப்படி யோசித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். போனில் ஒரு பேட்டின் படம். உலகச் சாம்பியன் ஆடுகிற பேட், இதுதான் வேண்டும் என்றான். சுவரில் அது இருந்தது. அண்ணன் எடுத்துக் கொடுத்தார், தடுக்கவே இல்லை. பையன் வீசிப் பார்த்தான். பிறகு வழக்கமான கேள்விகள். எங்கே ஆடுகிறாய், எத்தனை நாள், இரட்டையரா ஒற்றையரா, இப்போது என்ன பேட். வாரத்துக்கு இரண்டு நாள், அபார்ட்மெண்ட் கோர்ட்டில், இரட்டையர். அண்ணன் கீழே குனிந்து இரண்டு பழைய பேட்டுகளை எடுத்தார். ஒன்று அவன் கேட்ட மாதிரியே தலை கனமானது, தண்டு விறைப்பானது. இன்னொன்று எடை குறைந்தது, தண்டு வளையக்கூடியது, விலை பாதிக்கும் கீழே. "ரெண்டையும் கொண்டு போங்க தம்பி. திங்கக்கிழம வரைக்கும் ஆடிப் பாருங்க. ஆயிரம் ரூபா வச்சுட்டுப் போங்க, திருப்பித் தர்றேன்."

அடுத்த தடவை நான் போனபோது என்ன ஆனது என்று கேட்டேன். விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அதோடு, தரையில் தடம் விழாத நான்-மார்க்கிங் ஷூ ஒன்றும். அதுவரை ஓடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறான். ஓடுகிற ஷூவின் அடி உயரமாக, மெத்தென்று இருக்கும். நேராக ஓட அது நல்லது. ஷட்டிலில் பக்கவாட்டில் பாய்ந்து நிற்க வேண்டும், கணுக்கால் சட்டென்று மடங்கிவிடும். அந்தப் பையனிடம் பேட்டில் மிச்சமான பணத்தை ஷூவுக்கு மாற்றிவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் ஷூதான் அவனுக்கு முதலில் தேவைப்பட்டது.

போனைக் காட்டி விலை பேசுபவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். என் கடையிலும் அது தினசரித் தலைவலி. நான் முகம் சுளிப்பேன், அந்தப் பொருள் டூப்ளிகேட்டாக இருக்கும் என்பேன். இவர் போனை வாங்கிப் பொறுமையாகப் பார்ப்பார். "இந்த விலைக்கு என்னால முடியாதுங்க. அங்கயே போடுங்க. வந்ததும் இங்க கொண்டு வாங்க, ஒரிஜினலான்னு பாத்துச் சொல்றேன்." அவ்வளவுதான். வாங்கியவர்களும் வரத்தான் செய்தார்கள். ஏனென்றால் விலை உயர்ந்த பேட்டுகள் பெரும்பாலும் நரம்பு கட்டாமல்தான் வரும். கட்டிங்குக்கு எங்காவது போயே ஆக வேண்டும். வந்தவர் பெயரும் நோட்டில் ஏறிவிடும். அடுத்த கிரிப், அடுத்த டப்பா காக், அடுத்த நரம்பு எல்லாம் இங்கேதான்.

கைப்பிடி விஷயத்திலும் ஒன்றைக் கவனித்தேன். இரண்டு அளவுக்கும் நடுவில் கை இருந்தால் சின்ன கைப்பிடியைத்தான் கொடுப்பார். சின்னதாக இருந்தால் மேலே ஒரு சுற்று கிரிப் போட்டுப் பெரிதாக்கலாம், பெரிதாக இருப்பதைக் குறைக்க வழியில்லை. திருத்த முடிகிற பக்கமாகத் தவறு செய் என்பதுபோல இருந்தது எனக்கு. பைப் வெட்டும்போது நாங்களும் அரை இஞ்ச் கூட வைத்துத்தானே வெட்டுவோம்.

காக் வாங்க வருபவர்கள் வேறு ரகம். காலையில் நடைப்பயிற்சி போகும் பெண்கள் ஆறு பேர், மொட்டை மாடியில் ஆட இறகுக் காக் கேட்டு வந்தார்கள். காக்கின் எடை 5 கிராம் சுற்றுவட்டாரம்தான், காற்றில் எங்கேயாவது போய்விடும் என்று சொல்லி நைலான் டப்பா கொடுத்தார். அதிலும் பச்சைப் பட்டை. நைலானில் பச்சை, நீலம், சிவப்பு என்று வேகத்துக்கு ஒரு நிறம். வெயில் ஊரில் காக் வேகமாகப் பறக்கும், அதனால் மெதுவாகப் போகிற பச்சைதான் நமக்கு. இறகுக் காக்கில் இதையே எண்ணாகப் போட்டிருப்பார்கள். சித்திரை வெயிலுக்கு 76 வாங்கிப் போகும் அகாடமிக்கு மார்கழியில் 77 எடுத்து வைப்பார்.

அந்தக் கடையில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. எந்தப் பொருளிலும் விலைச் சீட்டு கிடையாது. எல்லாவற்றுக்கும் அவரைக் கேட்டாக வேண்டும். ஒரு நாள் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகள் வந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் துளசிமதி முருகேசனின் படம் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கும், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது வந்த படம். அதைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். ஷூ அலமாரி முன்னால் ஐந்து நிமிடம் நின்றார்கள். அண்ணன் மெஷினில் இருந்தார், பேசும் நேரமில்லை. விலை கேட்கக் கூச்சம், கையில் எவ்வளவு இருக்கிறதோ. திரும்பிப் போய்விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கட்டிங் முடிந்ததும் அவரிடம் சொன்னேன். "விலைய எழுதிப் போட்டா பேச்சே இல்லாமப் போயிரும்க்கா" என்றார். "பேசத் தெரியாத பிள்ளைங்க பேசாமயே போயிருதுங்கண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போனபோது ஷூவுக்கு மட்டும் விலை எழுதி ஒட்டியிருந்தார். பேட்டுக்கு இன்னும் இல்லை. அதில் அவர் சொல்வதும் சரிதான், விலையைப் பார்த்ததும் கை தானாக ஒன்றின் மேல் போய்விடும்.

என் கடைக்கு வருகிறேன். "ஒரு ஹெச்பி மோட்டார் கொடுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பதுதான் ஒன்பது வருடமாக எங்கள் வழக்கம். இப்போது அதற்கு முன்னால் நாலு கேள்வி வைத்திருக்கிறேன். சம்ப்பிலிருந்து ஏற்றவா, போரிலிருந்தா? தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? தொட்டி எத்தனையாவது மாடியில்? சாயங்காலம் கரண்ட் எப்படி இருக்கும்? பழைய மோட்டார் இருந்தால் அதன் தகட்டைப் போட்டோ எடுத்து வரச் சொல்கிறேன், எந்த இடத்தில் பழுதானது என்றும் கேட்கிறேன். சம்ப்பிலிருந்து இரண்டாவது மாடிக்கு ஏற்ற ஒரு ஹெச்பி கேட்டு வந்தவர்களில் நிறையப் பேருக்கு அரை ஹெச்பியே போதும் என்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன். போரில் தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே இருக்க, மேலே வைக்கும் சாதாரண மோட்டார் கேட்டு வந்தார் ஒருவர். மேலே இருந்து உறிஞ்சும் மோட்டார் இருபத்தைந்து அடிக்கு மேல் இழுக்கத் திணறும். முன்பென்றால் அதைக் கொடுத்திருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒன்றைக் கொடுத்து, அந்தப் பெரியவர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

நோட்டும் போட்டுவிட்டேன். பெயர், தெரு, மோட்டார், பைப் அளவு, தேதி. முதல் மூன்று மாதம் அதனால் ஒரு பிரயோசனமும் தெரியவில்லை, எழுதுவதே எரிச்சலாக இருந்தது. கடைப் பையன் இரண்டு தடவை எழுதாமல் விட்டுவிட்டான். நாலாவது மாதம் ஒரு அம்மா போன் செய்து, "என் மோட்டாருக்கு என்ன கெப்பாசிட்டர்னு தெரியலயே" என்றார். பக்கத்தைப் புரட்டிச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எடுத்து வைம்மா, மவன அனுப்புறேன்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் கோர்ட்டிலிருந்து வந்து பேட்டை நீட்டினான். நரம்பு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டப்பட்டிருந்தது. அவனே கத்தரி வாங்கி வெட்டியிருக்கிறான். "எங்க அறுந்துச்சுன்னு பாக்கணும்லம்மா, அண்ணன் கேப்பாரு" என்று அறுந்த இழையை மட்டும் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருந்தான், எந்த இடம் என்று படம் வரைந்து. சாயங்காலம் கடைக்குப் போனோம். அண்ணன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார்.

"நடுவுல அறுந்திருக்கு தம்பி. கிளியர் பின்னாடி போகுதா இப்ப?"

"போகுதுண்ணே."

"அப்ப 22 போடுவமா?"

பையன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "போடுங்கண்ணே" என்றான். அண்ணன் தேதி எழுதி, பக்கத்தில் 22 என்று போட்டுவிட்டு மெஷினை ஆன் செய்தார். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.